347 ரூபாய் 12 அணா: நம்ம ஊர்க் கணக்கு ஒன்று

(இழை கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க. தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.)

1.

347 ரூபாய் 12 அணா.

இந்தத் தொகையை மனசுல வச்சுக்கோங்க. இது யார் யாருக்குக் கொடுக்க வேண்டிய பணம், அது கைக்கு வந்து சேர ஏன் மாசக்கணக்குல ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

மாத்திரை எழுத வேண்டிய டாக்டர் எதுக்கு வரவு செலவு பத்தி எழுதுறாருன்னு கேப்பீங்க. முதல்ல அதுக்குப் பதில்.

2.

அரசு மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவுல ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. "தூக்கமே வரலை சார்." "நெஞ்சு படபடன்னு அடிக்குது." "மாத்திரை போட்டும் பிரஷர் இறங்க மாட்டேங்குது." ஈசிஜி எடுத்தா நார்மல். தைராய்டு நார்மல். சரி, வீட்ல ஏதும் பிரச்சினையான்னு மெதுவா கேட்டா, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் சொல்வாங்க.

"கடன் சார்."

"மொத்தம் எவ்வளவு இருக்கும்?"

இதுக்கு மட்டும் பதில் சட்டுன்னு வராது. "அது இருக்கு சார், நிறைய."

என் அனுபவத்துல இந்த 'நிறைய'ங்கிற சொல்தான் ஆளைத் தூங்க விடுறதில்லை. ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம்னு சொன்னா அது ஒரு எண். அதைக் கூட்டலாம், கழிக்கலாம், எத்தனை மாசம்னு வகுக்கலாம். 'நிறைய'யை எதால வகுப்பீங்க?

3.

உடம்புல என்ன நடக்குது?

ஆபத்து வந்தா அட்ரினலின், கார்டிசால் சுரக்கும். இதயம் வேகமாத் துடிக்கும், ரத்த அழுத்தம் கூடும், ரத்தத்துல சர்க்கரை ஏறும். நாய் துரத்தினா ஓடுறதுக்காக உடம்பு செஞ்சு வச்ச ஏற்பாடு இது. நாய் போயிட்டா எல்லாம் இறங்கிடும். கடன் அப்படிப் போகாது. காலைல போன் அடிச்சாலும் அதே படபடப்பு, வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாலும் அதே படபடப்பு. மாசக்கணக்குல இப்படியே இருந்தா தூக்கம் கெடும். பிரஷரும் சுகரும் கட்டுக்குள்ள நிக்காது.

மூளையும் இதுக்கு விலை கொடுக்குது. இதுக்கான ஆதாரம் நம்ம தமிழ்நாட்டுல இருந்தே கிடைச்சிருக்கு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவையும் பின்னாடி ஒரு தடவையும் சோதிச்சாங்க. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. அதே ஆட்கள்தான். ஆனா கையில காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்கள்ல அவங்க யோசிக்கும் திறன் குறைஞ்சிருந்தது. பணம் வந்த பிறகு தேறியிருந்தது.

அதாவது ஏழை தப்பு தப்பா முடிவெடுக்குறான்னு சொல்றோமே, அது அறிவுக் குறைவு இல்லை. மண்டைக்குள்ள ராத்திரி பகலா ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு. மத்த விஷயங்களை யோசிக்க அங்க இடம் இல்லை.

அந்தக் கணக்கை மண்டையில இருந்து இறக்கி வெளிய வைக்கணும். எங்க வைக்கிறது? தாமிரபரணிக் கரையில 1,100 வருஷத்துக்கு முன்னாடி அதைக் கல்லுல வச்சிருந்தாங்க.

4.

அம்பாசமுத்திரம். பழைய பெயர் இளங்கோக்குடி. அங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுண மகாராசனின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ராஜா இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுக்கிறார். முதலில் கை வைக்கக் கூடாது. வட்டி மட்டும்தான் செலவுக்கு. ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஆக, 580 கலம் நெல்.

இவ்வளவோடு விட்டிருந்தா அது வெறும் தானம். ஆனா ஒரு நாளைக்கு நாலு வேளை பூசைக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை, கறியமுதுக்கு என்ன, வெற்றிலை பாக்கு எத்தனைன்னு பிரிச்சு வெட்டி வச்சிருக்காங்க.

வகுத்துப் பாருங்க. 580 கலத்தை 365 நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு ஒன்றரைக் கலத்துக்குக் கொஞ்சம் மேல. ஆற்றுப்பாசனம் இருந்தாலும் இந்தப் பள்ளத்தாக்குல நெல் தினமும் வராது. கார் அறுப்புல ஒரு தடவை, பிசானத்துல ஒரு தடவை வரும். வயிறு மட்டும் தினமும் கேக்கும். எப்பவோ ஒரு தடவை வர்ற வரவை தினசரி அளவா மாத்துறதுக்குத்தான் அந்தக் கணக்கு. மாசச் சம்பளக்காரரா இருந்தாலும், வாரக்கூலி வாங்குறவரா இருந்தாலும் இன்னைக்கும் நம்ம சிக்கல் அதேதான்.

5.

சாமி வீட்டுக் கணக்கு கல்லுல இருந்தது. ஜமீன் கணக்கு ஓலையில இருந்தது. கடைக்காரர் பேரேடு போட்டார். வட்டிக்குக் கொடுத்தவர் நோட்டு வச்சிருந்தார்.

வாங்கினவர் கிட்ட?

பெரும்பாலும் ஒண்ணும் இல்லை. எழுத்து தெரியாது, இல்லைன்னா எழுதுற பழக்கம் இல்லை. வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவுங்கிறது கொடுத்தவர் நோட்டுல இருந்துதான் இவருக்கே தெரியும். எழுதுகோல் யார் கையிலயோ, பாக்கி எவ்வளவுன்னு சொல்ற அதிகாரமும் அவர் கையிலதான். ரொம்ப நாளா இந்தப் பக்கம் நடந்த கதை இதுதான். எழுதத் தெரிஞ்ச பிறகும் நாம அந்தப் பழக்கத்தை விடல.

சொந்தச் செலவை எழுதுறதை ஆயுள் பழக்கமா வச்சிருந்த ஒருத்தரும், நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் ஒரு பணக் கணக்குல சந்திச்சாங்க. அந்த 347 ரூபாய் 12 அணாவுக்கு இப்ப வருவோம்.

6.

முதலாமவர் காந்தி.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனப்ப அவருக்கு 18 வயசு. ஆரம்பத்துல கோட்டு, தொப்பி, நடனப் பயிற்சின்னு கொஞ்சம் ஆடம்பரமும் இருந்தது. ஆனா அப்பவே செலவையெல்லாம் எழுதி வச்சார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை வரைக்கும். தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன்னாடி கூட்டி, இருப்பு சரியான்னு பார்ப்பார். இதையெல்லாம் தன் சுயசரிதையில அவரே சொல்லியிருக்கார்.

எழுதினதைப் பார்த்த பிறகுதான் செலவைப் பாதியாக் குறைக்கணும்னு முடிவெடுத்தார். சின்ன அறைக்கு மாறினார். பஸ்ஸை விட்டு நடக்க ஆரம்பிச்சார். பின்னாடி பொதுப்பணம் லட்சக்கணக்குல கையாண்டப்பவும் கடன் வைக்காம நடத்த முடிஞ்சதுக்கு இந்தப் பழக்கம்தான் காரணம்னு சொல்றார்.

வரிசையைக் கவனிங்க. முதல்ல எழுத்து. சிக்கனம் அப்புறம்தான். நாம தலைகீழாச் செய்வோம். ஒண்ணாம் தேதி 'இனிமே செலவே பண்ண மாட்டேன்'னு சபதம் போடுவோம். அஞ்சாம் தேதி அது உடையும். அதுக்கப்புறம் நோட்டைப் பார்க்கவே வெட்கமா இருக்கும்.

7.

இரண்டாமவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வ.உ.சி.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டம், அன்னைக்குத் திருநெல்வேலி ஜில்லா. வக்கீல். 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று ரெண்டு கப்பல் வாங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கிட்டு கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே போனது. இவங்களால அப்படித் தாங்க முடியல.

1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சது. ஜூலையில் நீதிபதி பின்ஹே ரெண்டு ஆயுள் தண்டனை, ஆக 40 வருஷம்னு தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அது குறைஞ்சது. கோவைச் சிறை, செக்கு, கண்ணனூர்ச் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வெளிய வந்தப்ப என்ன இருந்தது? கம்பெனி இல்லை. கப்பல் இல்லை. தண்டனை பெற்றவர்ங்கிறதால வக்கீல் சன்னதும் இல்லை. மனைவி, பிள்ளைகள் இருந்தாங்க. சென்னைக்குப் போய் சின்னச் சின்ன வியாபாரம் செஞ்சு பார்த்தார். எதுவும் நிலைக்கல.

8.

1915 ஏப்ரல். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி சென்னை வந்து, தம்புச்செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். தனியாச் சந்திக்கணும்னு வ.உ.சி. கடிதம் எழுதினார். காலை 6 மணிக்கு வந்தால் சில நிமிடம் ஒதுக்கலாம்னு காந்தி பதில் போட்டார். அந்த நேரத்துக்கு டிராம் வந்து சேராதுங்கிறது வ.உ.சி.க்குச் சிக்கலாச்சு.

கப்பல் ஓட்டியவர் முதல் டிராம் எத்தனை மணிக்குன்னு பார்க்க வேண்டியிருந்தது. பண நெருக்கடின்னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடிதப் போக்குவரத்துல ஒரு பழைய விஷயம் மேல வந்தது. வ.உ.சி.க்காக தென்னாப்பிரிக்க இந்தியர்கள் திரட்டிய பணம் ஒன்று காந்தி வழியாக அவருக்கு வந்திருக்கணும். வந்து சேரவே இல்லை. எனக்கு வேண்டாம்னு மறுக்கிற நிலைமையில வ.உ.சி. இல்லை. அதை அவர் ஒளிவுமறைவில்லாம எழுதினார். தொகை எவ்வளவு, யார் கொடுத்ததுங்கிற விவரம் காந்தி கையில உடனே இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதிக் கேக்க வேண்டியிருந்தது. கடிதம் போய், கடிதம் வந்து, மாசங்கள் ஓடின.

கடைசியில் 1916-ஆம் வருஷத் தொடக்கத்தில் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா.

வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கார். தலைப்பிலும் இதே தொகைதான்.

9.

இதுல எனக்கு ரெண்டு விஷயம் தெரியுது.

ஒண்ணு, அந்த 12 அணா. இன்னைக்குக் கணக்குல 75 பைசா. 'சுமார் 350 ரூபாய்'னு அனுப்பல. எங்கேயோ ஒரு ஏட்டுல பைசா சுத்தமா எழுதி வச்சதாலதான், வருஷங்கள் கழிச்சும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்து அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க முடிஞ்சது.

ரெண்டு, விவரம் உடனே கையில இல்லாததால ஏறக்குறைய 9 மாசம் ஒரு குடும்பம் காத்துக்கிடந்தது. நாணயத்துல யாரும் குறை சொல்ல முடியாதவர் அவர். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதினவர். அப்படிப்பட்டவர் விஷயத்துலயே இப்படின்னா, 'அண்ணாச்சி கொடுத்ததை நான் மறப்பேனா'ன்னு வாய் வார்த்தையில விடுற நம்ம கடன்கள் எந்த மூலைக்கு?

ஞாபகத்தை நம்பாதீங்க. நல்லவங்க ஞாபகத்தையும் நம்பாதீங்க.

10.

கணக்கு எழுதினா கஷ்டம் தீர்ந்துடுமா? தீராது. வ.உ.சி. கதையையே முழுசாச் சொன்னாத்தான் நியாயம்.

பின்னாடி நீதிபதி வாலஸ் முயற்சியால சன்னது திரும்பக் கிடைச்சது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன்னு பெயர் வச்சார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்தார். ஆனாலும் நெருக்கடி விடல. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். அதுக்கு முன்னாடி எழுதின உயில்ல துணிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி வரைக்கும் எழுதி வச்சிருந்தார்.

இதை வாசிக்கிற யாருக்கும் மனசு கனக்கும். தேசத்துக்காக எல்லாத்தையும் இழந்தவருக்கு எண்ணெய்க்கடை பாக்கி. அது அவரோட குற்றம் இல்லை, அவரை அப்படி விட்ட சமூகத்தோட குற்றம். ஆனா ஒரு டாக்டரா நான் இன்னொண்ணையும் பார்க்கிறேன். தனக்கப்புறம் யாரோ வந்து 'உங்க அப்பா எனக்கு இவ்வளவு தரணும்'னு வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்ட முடியாது. எல்லை போட்டுட்டுப் போனார். கடன் இருந்தது. 'நிறைய' இல்லை.

11.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம்.

தண்டல் கணக்கு ஒண்ணு போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன். முன்கூட்டியே 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில கொடுப்பாங்க. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். கேக்க 15 பர்சென்ட் மாதிரி இருக்கும். ஆனா முழு 8,500-உம் உங்க கையில 100 நாளும் இருக்கல. முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கட்டிக்கிட்டு வர்றீங்க. அதைக் கணக்குல எடுத்தா ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். 'பத்து வட்டி'ன்னு பயந்து ஒதுங்குறோமே, நூத்துக்கு மாசம் பத்து ரூபாய், அதுவும் 120 சதவீதம்தான். பேர் வேற, வட்டி ஒண்ணு.

இந்தத் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாத்தையும் தடை செஞ்சு தமிழ்நாட்டுல 2003-லேயே சட்டம் வந்துடுச்சு. மூணு வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

இருந்தும் 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள் அன்னைக்கு, நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்துல கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பத்தையே இழந்தோம். அப்பா, அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைகள். வாங்கினதை விட அதிகமாக் கட்டின பிறகும் மிரட்டல் நிக்கலைங்கிறதுதான் அவங்க புகார். திரும்பத் திரும்ப மனு கொடுத்தவங்க.

அவங்க நோட்டு எழுதியிருந்தாப் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றது பாவம். அங்க தோத்தது அந்தக் குடும்பத்தோட கணக்கு இல்லை. நோட்டு ஒரு ஆதாரம். அதைக் கையில வாங்கிப் பார்க்க ஒரு அரசாங்கமும் வேணும்.

12.

நெல்லை, தென்காசிப் பக்கம் பீடி சுத்துற அக்காமாருக்கு இது நல்லாத் தெரியும். பாஸ்புக்ல பதிவு இருந்தாத்தான் பி.எஃப். கேக்க முடியும். எத்தனை ஆயிரம் பீடி சுத்தியிருந்தாலும், எழுதாத நாளுக்குப் பேச்சு எடுபடாது. எழுதி வச்ச கணக்கு உரிமையையும் வாங்கிக் கொடுக்கும்.

13.

சரி, என்ன செய்யணும்? ஆஸ்பத்திரியில 'இன்டேக் அவுட்புட் சார்ட்'னு ஒண்ணு உண்டு. நோயாளிக்கு எவ்வளவு திரவம் உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்ததுன்னு நர்ஸ் மணிக்கணக்குப்படி எழுதுவாங்க. அந்தச் சார்ட் நோயைக் குணமாக்காது. அது இல்லாம நாங்க வைத்தியம் பார்க்கவும் முடியாது. உங்க வீட்டுக்கும் அதே சார்ட்தான்.

அ) சின்ன நோட்டு ஒண்ணு போதும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி 5 நிமிஷம். வரவு, செலவு, இருப்பு. ஜிபே பண்ணினது போன்ல இருக்குன்னு விடாதீங்க. போன்ல இருக்கும், நாம பார்க்க மாட்டோம்.

ஆ) முதல் 30 நாள் எழுதுறது மட்டும்தான். எதையும் குறைக்க வேண்டாம். டீயும் வடையும் நாளுக்கு 40 ரூபாய்னா மாசம் 1,200. அதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், நோட்டே சொல்லும். குறைக்கணுமா, வேண்டாமான்னு அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க.

இ) கடனுக்குத் தனிப் பக்கம். யார்கிட்ட, எந்தத் தேதி, கையில வந்தது எவ்வளவு, கட்டினது எவ்வளவு. ஒவ்வொரு தடவையும் கட்டினதும் 'இன்னைக்கு இவ்வளவு கொடுத்துட்டேன்'னு அவருக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்க. அதுவும் பதிவுதான்.

ஈ) நாளைக்குச் செய்ய வேண்டியது ரெண்டை மட்டும் கடைசி வரியில எழுதுங்க. 2018-ல் அமெரிக்காவில் 57 பேரை வச்சு செஞ்ச ஒரு சின்ன ஆய்வுல, நாளைய வேலைகளை 5 நிமிஷம் எழுதிட்டுப் படுத்தவங்க, செஞ்சு முடிச்ச வேலைகளை எழுதினவங்களை விட சராசரியா 9 நிமிஷம் முன்னாடி தூங்கினாங்க. பெரிய அதிசயம் இல்லை. ஆனா தூக்க மாத்திரை கேட்டு வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

உ) அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. அந்த நோட்டை வீட்டம்மாவைக் குறுக்கு விசாரணை பண்ற ஆயுதமா மாத்திடாதீங்க. உங்க சிகரெட்டும் டாஸ்மாக்கும் அதே பக்கத்துல, அதே மையில வரணும்.

ஊ) செலவைக் குறைக்கிறேன்னு பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க. அரசு மருத்துவமனையில இலவசம். 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. தனியார் கடையில காசு கொடுத்து வாங்குறவங்க அந்த வரியை நோட்டுல இருந்து அடிச்சுடலாம்.

14.

எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகும் வரவு பத்தாதுன்னு தெரியலாம். தெரியட்டும். கூலி குறைவுன்னு தெரிஞ்சா கூலி கேக்கணும். வட்டி அநியாயம்னு தெரிஞ்சா நோட்டோட புகார் கொடுக்கணும். கட்டவே முடியாதுன்னு தெரிஞ்சா வீட்டுல உள்ளவங்க கிட்ட எண்ணைச் சொல்லணும். மூணுக்குமே முதல்ல அந்த எண் வேணும்.

மனசு ரொம்ப இருட்டிக்கிட்டு வந்தா, 'நாம இல்லாமப் போனா எல்லாம் முடிஞ்சுடும்'னு தோணினா, அந்த நிமிஷமே 104-க்கோ 14416-க்கோ போன் பண்ணுங்க. காசு கிடையாது. இல்லைன்னா பக்கத்துல உள்ள அரசு மருத்துவமனைக்கு வாங்க. கடன் பத்தி டாக்டர்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு கூச்சப்பட வேண்டாம். பிரஷர் ஏன் இறங்கலைன்னு எங்களுக்கும் தெரியணும் இல்லையா.

இன்னைக்கு ராத்திரியே தேதி போட்டு ஒரு வரி எழுதுங்க. தொகையை முழுசா எழுதுங்க, அந்த 12 அணாவை விட்டுடாதீங்க.